தளரக் கட்டிய பூச்சரம்

சந்திரா ஆற்றுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது. அதில் ஒரு பெட்டி தொங்குகிறது. இருவர் முழங்காலை மடக்கி உட்காரலாம். அக்கரையில் நிற்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க, பெட்டி ஆடி ஆடி நகர்கிறது. கீழே சாம்பல் நிறத்தில் ஆறு இரைகிறது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆய்வு மாணவி, மடியில் ஒரு ஐஸ் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார். "கம்பியைப் பிடிச்சுக்கங்க சார். பெட்டியை நான் பார்த்துக்கறேன்" என்றார் இந்தியில். அவருக்குச் சொந்த ஊர் காங்ரா பக்கம்.

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதி. செப்டம்பர் மாதம். நாங்கள் போய்க்கொண்டிருந்தது சோட்டா சிக்ரி பனிப்பாறைக்கு. லாஹௌல் மக்கள் பேச்சில் 'சிக்ரி' என்றாலே பனிப்பாறைதான். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம். 2002 முதல் ஆண்டுதோறும் இதன் எடை கூடுகிறதா குறைகிறதா என்று ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்து வருகிறார்கள். இமயமலையில் இவ்வளவு தொடர்ச்சியாகக் கணக்கு வைத்திருக்கும் பனிப்பாறைகள் மிகக் குறைவு. நான் போனது பனியின் கணக்குக்காக அல்ல. அதற்குள் வாழும் பாக்டீரியாவை, குறிப்பாக அது சுரக்கும் நொதிகளை, அவை வேலை செய்யும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை.

பனிப்பாறையின் முகப்பு நான் மனத்தில் வரைந்து வைத்திருந்ததுபோல வெள்ளையாக இல்லை. கல்லும் மண்ணும் போர்த்திய அழுக்கு மேடு. ஓரிடத்தில் மட்டும் குகைபோல வாய் திறந்து, உள்ளே கருநீலப் பனி தெரிந்தது. அந்த வாயிலிருந்து உருகுநீர் பாய்ந்துகொண்டிருந்தது. மாணவி வெப்பமானியை நீரில் நட்டார். 0.3 டிகிரி. நானும் கையுறையைக் கழற்றி விரல்களை விட்டேன். முதலில் சுட்டது, பிறகு வலித்தது, அரை நிமிடத்தில் விரல் எனக்குச் சொந்தமில்லை என்பதுபோல மரத்துப்போனது.

இந்த நீரில்தான் ஓர் உயிர் தின்று, செரித்து, வளர்ந்து, இரண்டாகப் பிரிகிறது.

மேலே ஏறி, மண் குறைந்த பனிப்பரப்புக்குப் போனோம். ஆங்காங்கே ஆணி அடித்துப் பிடுங்கியதுபோலச் சிறு சிறு குழிகள். விரல் நுழையும் அகலம் முதல் உள்ளங்கை அகலம் வரை. ஒவ்வொன்றின் அடியிலும் கரும்பொடி படிந்திருந்தது, மேலே தெளிந்த நீர். காற்றில் வந்து விழும் தூசி கருப்பாக இருப்பதால் வெயிலை உறிஞ்சி, தன் அடியில் இருக்கும் பனியை உருக்கிக்கொண்டே கீழே இறங்குகிறது. அப்படி உண்டானவை இந்தக் குழிகள். அந்தக் கரும்பொடி வெறும் தூசி அல்ல. அதில் பாசி இருக்கிறது, செத்த பாசியைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறது, காற்று கொண்டுவந்த மகரந்தமும் இலைத்துணுக்கும் இருக்கின்றன. பனியின் மேல் இவ்வளவு சாப்பாடு கிடைக்கும் இடம் வேறில்லை.

மாணவி கரண்டியை ஸ்பிரிட்டில் நனைத்து, தீயில் காட்டி, ஆறவிட்டு, ஒரு குழியின் அடியிலிருந்து கரும்பொடியை அள்ளிக் குழாயில் போட்டார். மூடியை இறுக்கினார். இடம், உயரம், நேரம் மூன்றையும் எழுதினார். குழாய் உடனே ஐஸ் பெட்டிக்குள் போனது. அந்த 'உடனே'யில் இருந்த அவசரம் எனக்கு முதலில் புரியவில்லை. "கீழே குலுவில் இன்னிக்கு வெயில் எவ்வளவு இருக்கும், சார்? இருபத்தஞ்சு, முப்பது? இதில் சிலது அந்தச் சூட்டுக்கே செத்துப்போகும்" என்றார்.

நாம் எதையாவது கெடாமல் வைக்க வேண்டும் என்றால் சூட்டிலிருந்து காப்பாற்றுவோம். ஆனால் நமக்கு இதமான சூடே ஓர் உயிருக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று யோசித்ததில்லை. அறிவியலார் வகுத்த கணக்குப்படி, உண்மையான குளிர்விரும்பி என்றால் அது 15 டிகிரி அல்லது அதற்கும் கீழே நன்றாக வளர வேண்டும், 20 டிகிரிக்கு மேல் வளரக் கூடாது, சுழியிலும் வளர வேண்டும். ரிச்சர்ட் மோரிட்டா 1975-ல் வகுத்த இந்தக் கோடு இன்றும் பயன்படுகிறது. இதைவிடச் சற்று இளகிய சாதி ஒன்று உண்டு. குளிரையும் தாங்கும், நம்மூர் வெயிலிலும் பிழைக்கும். மலையில் பகலில் வெயில் சுடுவதாலோ என்னவோ, இங்கே அகப்படுபவை பெரும்பாலும் அந்தச் சாதிதான் என்றார் மாணவி. அண்டார்ட்டிகக் கடல்போல எப்போதும் ஒரே குளிரில் கிடக்கும் இடங்களில் அசல் குளிர்விரும்பிகள் அதிகம்.

திரும்பும் வழியில் ஒரு கிராமத்தில் இரவு தங்கினோம். அங்கே பார்த்த ஒன்றை எழுதாமல் நகர முடியாது.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். வீட்டோடு ஒட்டியிருந்த கழிப்பறையைக் காட்டினார். மேல்தளத்தில் மண்தரை, நடுவே ஒரு துளை. மூலையில் மண்ணும் சாணிப்பொடியும் அடுப்புச் சாம்பலும் குவித்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு மண்வெட்டி. தண்ணீர் கிடையாது. போய் வந்ததும் ஒரு மண்வெட்டி மண்ணைத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. கீழ்த்தளத்தில் விழுந்து சேர்வது பக்குவமானதும் உருளைக்கிழங்கு வயலுக்கும் பட்டாணி வயலுக்கும் உரமாகப் போகிறது. குளிர்காலத்தில் இங்கே தண்ணீர்க் குழாய் வெடிக்கும், மலக்கிடங்கு உறையும். இந்த ஏற்பாடு மட்டும் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. நாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரத்துப் பொதுக் கழிப்பறை வாசலில் மூக்கைப் பிடிப்பவன் இங்கே பிடிக்க வேண்டியதில்லை.

"குளிரில் மக்குமா அம்மா?" என்று கேட்டேன்.

"மெதுவா மக்கும். மலை வேலை எல்லாமே மெதுவாதானே, பேட்டா" என்றார்.

அந்த 'மெதுவா'தான் பிரச்சினை. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, முன்பு பனிக்காலத்தில் உலகத்திலிருந்தே துண்டிக்கப்பட்டுக் கிடந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு ஆண்டு முழுக்க வண்டிகள் வருகின்றன. ஆள் கூடினால் கழிவும் கூடும். மக்கும் வேகமோ பழைய வேகம். பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தார், குளிரிலும் வேலை செய்யும் பாக்டீரியாக்களை மலைகளிலேயே தேடி எடுத்து, இந்த உலர் கழிப்பறைகளில் தூவுவதற்கென்றே ஒரு நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியிருக்கிறார்கள். மாவுப்பொருளை உடைப்பது, புரதத்தை உடைப்பது, செல்லுலோஸை உடைப்பது என்று ஆளுக்கொரு நொதியோடு வரும் கூட்டணி அது. அந்த அம்மா காலம்காலமாகத் தள்ளிவந்த மண்ணிலும் சாணியிலும் அப்படிப்பட்டவை முன்பே இருந்திருக்கும். வேகமானவற்றைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் விஞ்ஞானம் செய்த வேலை.

இதே யோசனை நம் எல்லோருடைய காலடியிலும் ஓடுகிறது. சியாச்சின் பனிமலையில் காவல் நிற்கும் ராணுவத்தினரின் கழிவு மக்காமல் அப்படியே உறைந்து கிடந்தது. அதற்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் விஞ்ஞானிகள் அண்டார்ட்டிகாவிலும் வேறு குளிர்ப் பகுதிகளிலும் திரட்டிய பாக்டீரியாக்களைப் பழக்கிப் பெருக்கி உயிரிக் கழிப்பறை ஒன்றை வடிவமைத்தார்கள். பிறகு ரயில்வே அதை எடுத்துக்கொண்டது. இன்று ரயில் பெட்டிகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான உயிரிக் கழிப்பறைகள் இருக்கின்றன. தண்டவாளத்தில் மலம் விழுந்த காலம் போனதற்குப் பனிமலையில் தொடங்கிய அந்தத் தேடல் ஒரு காரணம். அடுத்த முறை ரயில் ஏறும்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து பாலம்பூர் வந்தோம். ஊர் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. லாஹௌலின் மொட்டைப் பாறைகளைப் பார்த்துவிட்டு வந்தால் கண்ணுக்குப் பச்சை தாங்கவில்லை. மாணவியின் ஆய்வுக்கூடத்தில் ஓர் அறைக்குக் கனமான கதவு. உள்ளே 5 டிகிரி. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நுழைந்தோம். தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தவற்றில் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

வட்டக் கண்ணாடித் தட்டில் பால்பொடி கலந்த கட்டியான கூழ். மோர்க்களி போல வெண்மை, வெளிச்சம் ஊடுருவாது. அதன் மேல் கடுகளவு, மிளகளவு புள்ளிகள். சில மஞ்சள், சில ஆரஞ்சு, ஒன்று மட்டும் ரோஜா நிறம். அவைதான் பாக்டீரியாக் கூட்டங்கள். பெரும்பாலான புள்ளிகளைச் சுற்றி எதுவும் இல்லை. ஆனால் மஞ்சள் புள்ளி ஒன்றைச் சுற்றி மட்டும் நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அதுபோல ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் கூழ் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. என் விரலை அடியில் வைத்தேன். விரல் ரேகை தெரிந்தது.

அந்தத் தெளிவுதான் நொதி. பாக்டீரியாவுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. தன் உடம்புக்கு வெளியே நொதியைச் சுரந்து, பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. வெட்டுப்பட்ட இடம்வரை வெண்மை போய்விட்டது. இந்த வேலை முழுவதும் 5 டிகிரியில், குளிர்பதனப் பெட்டிக்குள் நம் பால் பாக்கெட் இருக்கும் அதே குளிரில் நடந்திருக்கிறது. பத்து நாள் ஆனதாம்.

இது ஏன் ஆச்சரியம்? நொதி ஒரு புரதம். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்து, மடிந்து, நடுவில் ஒரு பள்ளம் வைத்துக்கொண்டு நிற்கும் உருவம். உணவு மூலக்கூறு அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார வேண்டும், பள்ளம் சற்று அசைந்து அதைக் கவ்வ வேண்டும், வெட்ட வேண்டும், விட வேண்டும். எல்லாம் அசைவு. அசைவுக்குச் சூடு வேண்டும். சாதாரண நொதி ஒன்றின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ விழும். நம் உடல் சூடான 37 டிகிரியில் ஓடும் நொதியை 0 டிகிரிக்குக் கொண்டுபோனால் வேகம் பத்து மடங்குக்கு மேல் வீழும், ஐம்பது மடங்குக்கு மேல்கூட வீழலாம். போதாததற்கு, நீரே தடித்துவிடுகிறது. 25 டிகிரியில் இருப்பதைவிட 0 டிகிரியில் நீரின் பிசுபிசுப்பு இரண்டு மடங்கு. டிசம்பரில் தோசைமாவு புளிக்க மறுக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்பங்கரையில் வைப்பது இந்தக் கணக்குக்குத்தான். பனிப்பாறைக்கு அடுப்பங்கரை கிடையாது.

மாணவி எனக்காக ஒரு சோதனை வைத்தார். பள்ளியில் செய்ததுதான், ஒரு மாற்றத்தோடு. இரண்டு குழாய்களில் கஞ்சி. ஒன்றில் என் உமிழ்நீரைக் கலக்க வேண்டும். அதில் மாவுப்பொருளை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. மற்றதில் பனிப்பாறைப் பாக்டீரியா ஒன்று சுரந்த அமைலேஸ். வழக்கமான அறைச் சூட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலையை முடிக்கும்படி முன்கூட்டியே நீர்த்து, அளவைச் சமன் செய்து வைத்திருந்தார். பந்தயம் நேர்மையாக இருக்க வேண்டுமே. இரண்டு குழாய்களையும் நொறுக்கிய ஐஸில் புதைத்தார். பிறகு குழிப்பணியாரச் சட்டிபோலக் குழிகள் உள்ள வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை முன்னே வைத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டார்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு. கஞ்சி இருந்தால் அயோடின் கருநீலமாகும். மேல் வரிசை என்னுடையது, கீழ் வரிசை பனிப்பாறையுடையது. முதல் குழி இரண்டிலும் கருநீலம். இரண்டாவதிலும். ஐந்தாவது குழிக்குள் கீழ் வரிசை ஊதாவுக்குச் சாய்ந்தது. ஏழில் செங்காவி. பத்தாவதில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டுமே மிஞ்சியது, கஞ்சி முழுக்க உடைந்துவிட்டது. மேல் வரிசையைப் பார்த்தேன். பத்துக் குழியும் கருநீலம், ஒரே மாதிரி, நாவல்பழம் அடுக்கியதுபோல.

"இப்போ ரெண்டாவது பாதி" என்றார். புதிதாக இரண்டு நொதிகளையும் எடுத்து, 45 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தார். பிறகு அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து கஞ்சியோடு சேர்த்தார். இம்முறை என் வரிசை மஞ்சளாகிக்கொண்டே போனது. பனிப்பாறை வரிசை கடைசிவரை நீலம். கை பொறுக்கும் சூடுதான். அந்தச் சூட்டில் அது குலைந்துவிட்டது, பிறகு ஐஸில் வைத்தும் திரும்பவில்லை. முதல் சோதனையில் ஐஸில் சும்மா கிடந்த என் உமிழ்நீர்க் குழாயை எடுத்து மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது நிதானமாக வேலையைத் தொடங்கியது. குளிர் நொதியைத் தூங்கவைக்கிறது, சூடு கொல்கிறது.

ஒரே வேலை, ஒரே உணவு. ஏன் ஒன்று குளிரில் ஓடிச் சூட்டில் சாகிறது, மற்றது சூட்டைத் தாங்கிக் குளிரில் முடங்குகிறது?

இதற்கு மிகத் தெளிவான விடை பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. சார்லஸ் ஜெர்டே, ஜார்ஜ் ஃபெல்லர் ஆகியோரின் குழு அண்டார்ட்டிகக் கடல்நீரிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவின் அமைலேஸைப் பல ஆண்டுகள் துருவித் துருவி ஆராய்ந்தது. 1998-ல் அந்த நொதியின் முப்பரிமாண உருவம் வெளியானது. குளிர்விரும்பி நொதிகளிலேயே அணு அணுவாகப் படம் பிடிக்கப்பட்ட முதல் சிலவற்றில் அது ஒன்று. அதில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட செய்தி வேறு. அந்த நொதி நம்மைப் போன்ற விலங்குகளின் அமைலேஸோடு மிக நெருங்கிய உறவு. பன்றியின் கணையத்தில் சுரக்கும் அமைலேஸையும் இதையும் அருகருகே வைத்தால், வெட்டும் வேலை நடக்கும் பள்ளத்தில் அமினோ அமிலங்கள் அப்படியே ஒன்றுதான். கத்தியின் கூர் ஒன்று. வேறுபாடு முழுவதும் பிடியிலும் உடம்பிலும்.

பள்ளத்தைச் சுற்றியிருக்கும் உடம்பைக் குளிர் நொதி தளர்த்தி வைத்திருக்கிறது. சங்கிலியை விறைப்பாக்கும் புரோலின் என்ற அமினோ அமிலம் குறைவு. பக்கத்துக் கிளையோடு பிணைந்து இறுக்கும் ஆர்ஜினின் குறைவு. எதிரெதிர் மின்னூட்டங்கள் கைகோத்து நிற்கும் உப்புப் பாலங்கள் குறைவு. உள்ளே எண்ணெய்த்தன்மை கொண்ட பகுதிகள் அவ்வளவு நெருக்கமாக அடையவில்லை. எல்லாக் குளிர் நொதிகளும் எல்லா வழியையும் பின்பற்றுவதில்லை, ஒவ்வொன்றும் தனக்கு வாய்த்த இரண்டு மூன்றைத் தேர்ந்துகொள்கிறது. ஆனால் போகும் திசை ஒன்று.

பூக்கட்டுபவர்களுக்கு இது உடனே விளங்கும். நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரம் விறைப்பாக நிற்கும், தூக்கி எறிந்தாலும் ஒரு பூ உதிராது. இடம் விட்டுத் தளரக் கட்டிய சரம் எந்தப் பக்கமும் வளையும், தலையில் சுற்ற இதம். ஆனால் ஓர் இழுப்பு இழுத்தால் பூக்கள் கையோடு வந்துவிடும். குளிரில் எல்லாமே விறைக்கும் என்பதால், பனிப்பாறையில் வாழும் உயிர் தன் சரத்தை முன்கூட்டியே தளரக் கட்டுகிறது. அங்கே இழுப்பார் இல்லை. சூடு என்ற இழுப்பு வந்தால் உதிர்கிறது. அந்த அண்டார்ட்டிக அமைலேஸ் 44 டிகிரியில் பிரிந்து அவிழ்கிறது, பன்றியின் அமைலேஸ் 66 டிகிரிவரை நிற்கிறது, பாசில்லஸ் பாக்டீரியா ஒன்றின் சூடு தாங்கும் அமைலேஸ் 86 வரை. இன்னொரு நுட்பம்: உடம்பு அவிழ்வதற்கு வெகு முன்பே, 30 டிகிரி தாண்டும்போதே, இதன் வெட்டும் திறன் சரியத் தொடங்கிவிடுகிறது. முதலில் தளர்வது அந்தப் பள்ளம்தான். மிகத் தளர்வாகக் கட்டிய இடமும் அதுவே.

தளர்ச்சிக்கு இன்னொரு விலையும் உண்டு. பள்ளம் இளகியிருப்பதால் உணவை இறுகப் பிடிக்க முடியாது. வேகமாக வெட்டும், ஆனால் பிடி நழுவும். லீஜ் குழுவினர் பன்றி நொதியில் இருக்கும் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அண்டார்ட்டிக நொதிக்குள் புகுத்திப் பார்த்தார்கள். சரம் இறுகியது, சூட்டைத் தாங்கியது, உணவை நன்றாகப் பிடித்தது. குளிரில் இருந்த துடிப்பு குறைந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும், எனக்கும் அது இருந்தது. குளிர்விரும்பியின் நொதி 0 டிகிரியில்தான் உச்ச வேகத்தில் ஓடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதற்கும் 20, 25 டிகிரியில் வேகம் கூடுதல்தான். சிறப்பு என்னவென்றால், 0 டிகிரிக்கு இறங்கும்போது மற்றவைபோல அது வேகத்தை அள்ளிக் கொட்டிவிடுவதில்லை. சில பாக்டீரியாக்கள் தம் நொதியின் உச்சச் சூட்டை எட்டும் முன்பே செத்துவிடும். குளிரை விரும்புவது உயிர்தான். நொதி குளிரைச் சகித்துக்கொண்டு உழைக்கிறது.

உயிர் குளிரில் நிலைக்க நொதி மட்டும் போதாது. சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வு கெட்டியாகாமல் இருக்க வேண்டும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து நிற்கும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஒழுகும். நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஆங்காங்கே ஒரு வளைவு இருப்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அடுக்காவதில்லை. குளிர் பாக்டீரியா தன் சவ்வை நல்லெண்ணெய் ஜாதியாக வைத்துக்கொள்கிறது. இந்தத் துறையில் நம் நாட்டுப் பங்கு பெரிது. ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் எஸ். சிவாஜி உள்ளிட்டோர் 1980-கள் முதல் அண்டார்ட்டிகாவிலிருந்து பாக்டீரியாக்களைக் கொண்டுவந்து, இனம் கண்டு, பெயரிட்டு, அவை குளிரில் எப்படி வாழ்கின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள்.

தளர்ச்சியும் துடிப்பும் பிரிக்கவே முடியாத ஜோடியா என்று மாணவியிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. பிரான்சிஸ் அர்னால்டின் பெயரைச் சொன்னார், 2018-ல் வேதியியல் நோபல் பெற்றவர். அவருடைய குழு அண்டார்ட்டிகப் பாசில்லஸ் ஒன்றின் புரதம் வெட்டும் நொதியை எடுத்து, சோதனைக்குழாயில் மாற்றம் மேல் மாற்றம் செய்து, நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது. சூட்டைத் தாங்கும் திறனும் கூடியது, குளிரில் வேலைத்திறனும் குறையவில்லை. அப்படியானால் இரண்டையும் சேர்த்துக் கட்ட முடியும். இயற்கை ஏன் கட்டவில்லை? பனியில் வாழ்பவனுக்குச் சூடு தாங்கும் வலிமை தேவைப்படவே இல்லை. தேவைப்படாததை எவரும் காப்பாற்றி வைக்கவில்லை, தலைமுறைகளில் அது தேய்ந்துபோனது. எனக்கு இந்த விளக்கம்தான் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. தளர்ச்சியில் பாதி சாமர்த்தியம், பாதி மறதி.

அந்தப் பலவீனமே மனிதனுக்குப் பயன்படுகிறது. மரபணு ஆய்வுக்கூடங்களில் ஒரு நொதியை வேலைக்கு விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அதை ஒழிக்க வேண்டியிருக்கும். அண்டார்ட்டிகப் பாக்டீரியாவிலிருந்து வந்த பாஸ்படேஸ் நொதி என்றால், சில நிமிடம் சூடு காட்டினால் தீர்ந்தது. குளிர்ந்த பாலிலேயே லாக்டோஸை உடைப்பது, வெந்நீர் இல்லாமல் கறை போக்கும் சோப்புத்தூள், ரொட்டி மாவைப் பிசையும்போதே வேலை செய்துவிட்டு அடுப்புச் சூட்டில் தானே அழியும் சைலனேஸ் என்று பட்டியல் நீளும். எதிர்ப்பக்கமும் உண்டு. குளிர்பதனப் பெட்டியில் வைத்த பச்சைப் பாலைக் கெடுப்பவை குளிர் தாங்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள். காய்ச்சினால் அவை சாகும். ஆனால் அவை ஏற்கெனவே சுரந்துவிட்டுப் போன சில நொதிகள் கொதியையும் தாண்டி நின்று, பின்னால் பாலைக் கசக்க வைக்கும். குளிரில் வாழும் உயிரின் நொதி எல்லாமே சூட்டில் சாகும் என்று விதி எழுதிவிட முடியாது.

பேச்சுக்கு நடுவே மாணவி ஒன்று சொன்னார். இதற்கு முன் வேறோர் ஊரில், வேறோர் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை பார்த்தபோது, ஒரு விடுமுறை நாளில் மின்சாரம் போய், மாற்று ஜெனரேட்டரும் ஓடாமல், உறைபெட்டி முழுக்க அறைச் சூட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு கோடைக்கால மலையேற்றத்தின் மாதிரிகள் போயின. "அழுதேன் சார். திரும்பப் போய் எடுத்துக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "போனேன்" என்றார்.

கிளம்பும் முன் இங்கிருந்த உறைபெட்டியைத் திறந்து காட்டினார். மைனஸ் 80 டிகிரி. வெண்புகை வழிந்து தரையில் பரவியது. கையுறை போட்ட கையால் சிறு டப்பா ஒன்றை வெளியே எடுத்து, அதிலிருந்து சுண்டுவிரல் நுனியளவு குழாயை உருவினார். எனக்குச் செய்துகாட்டிய சோதனையில் ஓடிய அமைலேஸ் இந்தக் குழாயில் இருக்கும் பாக்டீரியாவுடையதுதான். மூன்று வருடங்களுக்கு முன் எடுத்தது. சோட்டா சிக்ரி, முகப்புக்கு அருகே, பனியின் விளிம்பு என்று ஆயத்தொலைவு எண்களோடு எழுதியிருந்தது.

சோட்டா சிக்ரி ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ அரை மீட்டர் நீருக்கு இணையான பனியை இழந்துகொண்டிருக்கிறது. நாங்கள் மேலே போன அன்று, அதே எண்களைக் கருவியில் போட்டுத் தேடி அவர் ஓரிடத்தில் நின்றது நினைவுக்கு வந்தது. அப்போது நான் காரணம் கேட்கவில்லை. காலடியில் பனி இல்லை. ஈரமான சாம்பல் மண்ணும், புதிதாக வெளியே வந்த கற்களும் கிடந்தன. விளிம்பு எங்களுக்கு மேலே, நடந்து போக வேண்டிய தூரத்தில் இருந்தது.

குழாயை மறுபடி டப்பாவில் சொருகி, இடம் பார்த்து அடுக்கில் வைத்தார். கதவை மூடினார். மூடிய பிறகும் ஒருமுறை கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.